எதனினும்?

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி என்னிடம் ஒரு வினா எழுப்பினாள். ஆங்கில வகுப்பு முடிந்து தமிழ் வகுப்புத் தொடங்கும் நேரம். கரும்பலகையில் ஆங்கில வகுப்பின் மூன்று கட்டங்கள் அழிக்கப்படாமல் இருந்தன. முதற் கட்டத்தில் ‘பிக்’, அடுத்ததில் ‘பிக்கர்’, கடைசியில் ‘பிக்கசுட்டு’. அவற்றின்கீழ்த் தமிழில் ‘பெரிய’, ‘அதிகப் பெரிய’, ‘மிகப் பெரிய’ என்று பொருள் எழுதப்பட்டிருந்தது. “ஐயா, ஆங்கிலத்தில் சொல்லே மூன்று வகையாய் மாறுகிறது. தமிழில் ‘பெரிய’ என்பது மாறவே இல்லை. முன்னால் வேறொரு சொல்லை ஒட்டித்தான் சொல்லவேண்டி இருக்கிறது. தமிழில் இதற்கு இலக்கணம் இல்லையா, ஐயா?” என்றாள்.

அவள் தந்தை கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புருட்டும் ஆலையொன்றில் நாட்கூலிக்கு உழைப்பவர். வீட்டில் பேசுவது தெலுங்கு. எல்லைப்புறமாகிய எங்கள் வட்டத்தில் அஃதொன்றும் வியப்பன்று. அப்பிள்ளை கேட்டதில் எள்ளல் இல்லை. அறியும் வேட்கையே இருந்தது. ஆயினும் அவ்வினா என்னைச் சுட்டது. முப்பதாண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறேன். என் மாணவி ஒருத்தி, தன் தமிழுக்கு ஒப்பிட்டுரைக்கும் இலக்கணமே இல்லை என்று எண்ணும்படி நேர்ந்ததற்கு நானும் பொறுப்பல்லனோ?

இல்லை என்று அவள் எண்ணியது அவள் பிழையன்று. அந்த மூன்று கட்டங்களின்கீழ்த் தமிழை எழுதியதே பிழை. ஆங்கிலக் கட்டத்துக்குள் தமிழை அடைத்தால் தமிழ் முடமாகத்தான் தோன்றும். செருப்புக்குத் தக்கபடி காலைச் செதுக்குவார் உண்டோ?

முதலில் ஆங்கிலத்தின் இயல்பைக் கூறிவிடுவோம். அதன்மேல் நமக்குப் பகையில்லை; கற்பதாயின் திருந்தக் கற்கவேண்டும். ஆங்கிலத்தில் ஒப்பீட்டின் அடையாளம் பண்புச்சொல்லின்மேல் ஏறுகிறது. குறுஞ்சொல்லாயின் ஈற்றில் ‘எர்’, ‘எசுட்டு’ என்னும் ஒட்டுகள் சேரும். நெடுஞ்சொல்லாயின் முன்னால் ‘மோர்’, ‘மோசுட்டு’ என்பவை நிற்கும். ஒட்டுகள் செருமானியக் குடும்பத்தின் பழஞ்சொத்து. முன்சொற்களின் ஆட்சியோ பிரஞ்சின் நிழல் படிந்த இடைக்காலத்தில் பெருகியது. வினையடைகளுக்கும் இதே முறைதான். ‘பாசுட்டு’ என்பது ‘பாசுட்டர்’ ஆகும். ‘குவிக்லி’ என்பதற்கு முன்னால் ‘மோர்’ வரும். ‘குட்’ என்னும் பெயரடைக்கும் ‘வெல்’ என்னும் வினையடைக்கும் ‘பெட்டர்’, ‘பெசுட்டு’ என்னும் வேற்று வேர்ச்சொற்களே பொதுவாக வந்து நிற்கும். இத்தனைக்கும் பிறகு, எதனோடு ஒப்பிடுகிறோமோ அதன்முன் ‘தேன்’ என்றொரு சொல்லும் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அந்தத் தேன் மட்டும் இனிப்பதில்லை.

ஏன் இனிப்பதில்லை? ‘பிக் தேன்’ என்று எழுதிவிட்டு நம் பிள்ளைகள் அடி வாங்குகிறார்கள். அது மடமையால் நேர்ந்த பிழையன்று. தமிழில் பண்புச்சொல் மாறுவதில்லை. அடையாளம் ஒப்பிடப்படும் பொருளின்மேல் மட்டும் விழும். அந்த இயல்பைப் பிள்ளை ஆங்கிலத்துக்குள் எடுத்துச் செல்கிறது, அவ்வளவே. ‘மோர் பெட்டர்’ என்று இரட்டித்து எழுதும் பிள்ளையும் ஏளனத்துக்கு ஆளாகிறது. சேக்சுபியரே தம் யூலியசு சீசர் நாடகத்தில் இவ்வாறு இரட்டித்த உயர்படியை ஆண்டிருக்கிறார். அன்று அது குற்றமாகக் கருதப்படவில்லை. 1762 இல் இராபர்ட்டு லௌத்து போன்ற இலக்கணக்காரர்கள் தோன்றி அதனைத் தகாததென்று விலக்கினார்கள். சேக்சுபியருக்கு நேர்ந்தது நம் ஊர்ப் பிள்ளைக்கும் நேர்ந்தால் செவியைத் திருகவேண்டுவதில்லை. இன்றைய வழக்கு இது என்று சொல்லித் திருத்தினால் போதும்.

இனித் தமிழுக்கு வருவோம். அன்று அந்தப் பிள்ளைக்கு நான் நம் ஏரிகளைக் கொண்டே விளக்கினேன். சென்னைக்குக் குடிநீர் தரும் நீர்நிலைகளுள் 1944 இல் கட்டிமுடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 323 கோடி கன அடி. புழல் ஏரி 330 கோடி. செம்பரம்பாக்கம் 364 கோடி. சோழவரம் 108 கோடி. 2020 இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை–தேர்வாய்க்கண்டிகை நீர்த்தேக்கம் 50 கோடி. இவற்றை ஒப்பிடு என்றேன். “பூண்டியினும் புழல் பெரிது. புழலினும் செம்பரம்பாக்கம் பெரிது. இவ்வைந்தனுள் செம்பரம்பாக்கமே பெரிது” என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள். “பெரிது என்னும் சொல் மாறியதா, அம்மா?” என்று கேட்டேன். “இல்லை, ஐயா.” “பொருள் மாறியதா?” “மாறியது.” “எங்கே மாறியது?” அவள் சற்று நேரம் எண்ணிவிட்டுப் ‘பூண்டியினும்’ என்னும் சொல்லின் ஈற்றை விரலால் தொட்டுக் காட்டினாள்.

அங்கேதான் இருக்கிறது தமிழிலக்கணம். அதுவும் நேற்று முளைத்ததன்று. தொல்காப்பியர் வேற்றுமையியலில் ஐந்தாம் வேற்றுமைக்குப் பொருள் கூறுமிடத்து, இப்பொருளின் இத்தன்மையது இப்பொருள் என்று உணர்த்துவதே அதன் தொழில் என்கிறார். நிறம், வடிவு, அளவு, சுவை, நன்மை, தீமை, முதுமை, இளமை, புதுமை எனப் பல பண்புகளையும் அதற்கு நிலைக்களனாக அடுக்கிக் காட்டுகிறார். உரையாசிரியராகிய சேனாவரையர் அவ்வொப்பினை உறழ்பொரு என்றும் உவமப்பொரு என்றும் இரண்டாகப் பகுத்தார். ஒன்றை ஒன்று விஞ்சுவது உறழ்பொரு. ஒன்று ஒன்றனை ஒத்திருப்பது உவமப்பொரு. பவணந்தியார் நன்னூலில் நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள்களை அவ்வேற்றுமைக்கு வகுத்தார். ஒப்பிடுவதற்குப் பெயரடையைத் தேடிப்போகாமல் வேற்றுமையைத் தேடிப்போனார்கள் நம் முன்னோர். அதுவே இம்மொழியின் இயல்பு.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ‘இன்’ என்னும் உருபு தனித்து நின்றால், விஞ்சுவதா ஒத்திருப்பதா என்னும் ஐயம் பிறக்கும். காக்கையையும் களாம்பழத்தையும் வைத்து இலக்கணப் பொத்தகங்கள் காட்டும் எடுத்துக்காட்டு நீங்கள் அறிந்ததே. பழம் காக்கையைப்போல் கறுப்பா, காக்கையைக் கடந்த கறுப்பா என்று இன்றும் மாணாக்கர் கேட்பர். ‘உம்’ சேர்ந்து ‘இனும்’ ஆனவுடன் அவ்வையம் நீங்கிவிடும். ஆதலின் உரைநடையில் ‘இனும்’ என்றே எழுதுக என்பேன்.

இவ்வமைப்பு நமக்கு மட்டும் உரியதென்று மார்தட்ட வேண்டா. எபிரேயம் ஒப்புக்கு ‘இலிருந்து’ என்னும் பொருள்தரும் சொல்லையே ஆளுகிறது. துருக்கியத்திலும் நீங்கற்பொருள் உருபே ஒப்புக்கும் வரும். சப்பானியரின் ‘யோரி’ என்பதற்கும் இவ்விரண்டு பொருளும் உண்டு. கால்டுவெல் 1856 இல் வெளியிட்ட திரவிட மொழிகளின் ஒப்பியல் நூலில், இம்மொழிகள் இந்தோ–ஐரோப்பிய மொழிகளைப்போல் ஒப்புக்கு ஒட்டுகளைச் சேர்ப்பதில்லை. இவற்றின் முறை செமித்திய மொழிகளின் முறைக்கு நெருங்கியது என்று எழுதினார். வேற்று நாட்டார் ஒருவர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டறிந்து சொன்னதை நம் கரும்பலகை இன்னும் கேளாமல் நிற்கிறது! வடமொழியில் ‘தர’, ‘தம’ என்னும் ஒட்டுகள் உண்டு. ‘உத்தமம்’ என்று நாம் வாங்கிக்கொண்ட சொல்லின் வாலில் இருப்பது அந்தத் ‘தம’தான். ஆனால் நாள்தோறும் பேசும் இந்தியில் அவ்வொட்டுகளுக்கு வேலை குறைவு. ‘சே’ என்னும் நீங்கற்பொருள் உருபையே ஒப்புக்கு ஆளுகிறார்கள். நம் தொழிற்பேட்டைக்கு இன்று பீகாரிலிருந்தும் ஒடிசத்திலிருந்தும் வேலைக்கு வரும் இளைஞர்கள் தம்முள் இந்தியில் பேசிக்கொள்ளும்போது செவிகொடுத்துக் கேளுங்கள்; விளங்கும்.

பேச்சுத் தமிழின் செல்வம் இன்னும் பெரிது. ‘அதைவிட இது பெரிது’ என்கிறோம். அதனை விட்டுவிட்டுப் பார்த்தால் இது பெரிது என்பது அதன் உட்பொருள். ‘அதைக்காட்டிலும்’, ‘அதைப்பார்க்கிலும்’ என்கிறோம். விடுதல், காட்டுதல், பார்த்தல் என மூன்றும் வினைகள். இரண்டு பொருள்களைக் கண்முன் நிறுத்தி நோக்கும் செயலே அங்குச் சொல்லாகி நிற்கிறது. தெலுங்கில் ‘கண்டே’ என்பார்கள்; அதனுள்ளும் காணுதல் வினையே ஒளிந்திருக்கிறது என்பது என் துணிபு. இதனை நான் சொன்னவுடன் அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்ததைச் சொல்லியாக வேண்டும். தன் தாய் அடுக்களையில் பேசும் சொல்லும் வகுப்பறைத் தமிழும் ஒரே கண்ணால் பார்க்கின்றன என்று அவள் அன்றுதான் அறிந்தாள். எங்கள் சிற்றூர்க் கிழவியரோ நான்காம் வேற்றுமையாலும் ஒப்பிடுவர்: ‘அதற்கு இது எவ்வளவோ மேல்’, ‘அவனுக்கு இவன் இளையவன்’. உறவுப்பெயர்களில் ஒப்பீடு சொல்லுக்குள்ளேயே கருவாய் அமைந்திருக்கிறது. உடன்பிறந்தானைக் குறிக்க ஆங்கிலத்துக்கு ஒரே சொல். மூத்தவனா இளையவனா என்று காட்ட அதன்முன் ‘எல்டர்’, ‘யங்கர்’ என்னும் ஒப்படைகள் வேண்டும். நமக்கு அண்ணன், தம்பி, அக்கை, தங்கை. அடையும் வேண்டா, ஒட்டும் வேண்டா.

வினையடையைப் பற்றி மிகுதியாய்ச் சொல்ல ஒன்றுமில்லை. ‘அவனினும் விரைந்து ஓடினான்’ என்பதில் ‘விரைந்து’ என்பது வினையெச்சம். எச்சத்துக்குப் படிகள் இல்லை. ஒப்பீடு முழுதும் ‘அவனினும்’ என்பதிலேயே அடங்கிவிட்டது.

இனி ‘மிக’ என்னும் சொல்லுக்கு நேர்ந்த கேட்டைச் சொல்கிறேன். மிகுதியைக் குறிக்க நம் இலக்கணத்தில் உறு, தவ, நனி, சால, கூர், கழி என்னும் உரிச்சொற்கள் உண்டு. ‘மிக’ என்பதும் அவற்றின் தொழிலையே செய்வது. ‘மிகப் பெரிய வீடு’ என்றால் மிகுந்த பெருமையுடைய வீடு என்பதே பொருள். ஊரிலுள்ள வீடுகள் எல்லாவற்றினும் பெரியது என்று பொருளில்லை. ஆங்கிலத்தின் மூன்றாம் கட்டத்தை நிரப்பவேண்டி அதற்கு இல்லாத பொருளை ஏற்றிவிட்டார்கள். அதனால் விளைந்த சொற்றொடர்களைப் பாருங்கள். ‘இந்தியாவின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று’ என்று செய்தித்தாள் எழுதுகிறது. எல்லாவற்றினும் பெரியது எனின் அது ஒன்றாகத்தானே இருக்கமுடியும்? அது ‘ஏரிகளில் ஒன்று’ ஆவது எங்ஙனம்? ஆங்கிலத்தார்க்கு அவ்வழக்கு உண்டு, இருந்துபோகட்டும். நாம் ‘இந்தியப் பேரேரிகளுள் ஒன்று’ என்றால் என்ன குறைந்துவிடும்? ‘இரண்டாவது மிகப் பெரிய உவர்நீர் ஏரி’ என்று நம் பழவேற்காட்டைப் பற்றி எழுதுகிறார்கள். ‘ஒடிசத்துச் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு’ என்று எங்கள் மீனவர் எவரும் பிழையறச் சொல்லிவிடுவார்.

இரண்டாம் கட்டத்து ‘அதிகம்’ வடசொல். ஆலைவாயில் பேச்சில் வழங்கும் ‘சாசுதி’ உருதுவழி வந்தது, ‘கம்மி’ பாரசீகம். கூடுதல், குறைவு என்னும் இரண்டு சொற்கள் நம் வீட்டிலேயே இருக்க, அளந்து சொல்லவேண்டிய இடமெல்லாம் கடன்சொல்லாய்க் கிடக்கிறது. இது பழகிவந்த நோய், மெல்லத்தான் தீரும்.

ஆனால் கடன்சொல்லினும் பெரிய கேடு ஒன்று உண்டு. தமிழில் ஒப்பிடவேண்டுமாயின் எதனோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லியே ஆகவேண்டும். உருபு ஏறுவதற்கு ஒரு பெயர் வேண்டுமன்றோ? ஆங்கிலத்தில் அடையாளம் பண்பின்மேல் இருப்பதால், ஒப்பிடப்படும் பொருளைச் சொல்லாமலே ‘பெட்டர்’ என்று விட்டுவிடலாம். விற்பவனுக்கு அது நல்ல வாய்ப்பு. அந்த வாய்ப்பைத் தமிழில் பெறுவதற்காகவே ‘மேலும் சிறந்த’, ‘கூடுதல் வெண்மை’, ‘மிகச் சிறந்த’ என்று எழுதுகிறார்கள். எதனினும் சிறந்தது? எதனினும் வெண்மை? விடையில்லை. தமிழின் ஒப்பீட்டமைப்பு இயல்பாகவே கேட்டுநிற்கும் வினாவை அடைத்துவிட்டார்கள்.

இது வெறும் சொல்லாய்வு என்று எண்ணுவீராயின் ஒன்று சொல்கிறேன். கடந்த தைத் திங்களில் என் பழைய மாணவர் ஒருவர் துண்டறிக்கையொன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆள் சேர்க்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர் பேருந்து நிலையத்தில் வழங்கியதாம். ‘மேம்பட்ட ஊதியம்! அதிகப் பாதுகாப்பு! மிகச் சிறந்த பணிச்சூழல்!’ என்று மூன்று வரிகள். “இப்போதிருக்கும் ஆலையை விட்டு இதற்கு மாறிவிடலாமா, ஐயா?” என்று கேட்டார். எனக்கு ஆலைத்தொழில் தெரியாது; தமிழ்தான் தெரியும். “தம்பி, போய் ஒரே ஒரு சொல்லைக் கேள். எதனினும் மேம்பட்ட ஊதியம் என்று கேள். எண்ணைச் சொல்லச் சொல்” என்றேன். கேட்டிருக்கிறார். முதலில் “எல்லாரையும் விடத்தான்” என்றார்களாம். விடாமல் கேட்டபிறகு எண் வந்தது. இப்போது வாங்குவதினும் நாளொன்றுக்கு இருபது உருவா கூடுதல். வேலைநேரமோ எட்டு மணியினும் நான்கு மணி கூடுதல். அவர் மாறவில்லை. துண்டறிக்கையை என் மேசைமேலேயே விட்டுச் சென்றார்; வகுப்பில் எடுத்துக்காட்டாகப் பயன்படுகிறது.

பிறரைச் சொல்லும் நாம் நம் மேடைகளையும் சற்றுப் பார்க்கவேண்டும். சினந்துகொள்ளாதீர்கள். ‘உலகின் மிகச் சிறந்த மொழி’, ‘மிக மூத்த மாந்தன்’ என்று முழங்கிவிட்டு இறங்குவோர் நம்மிடையே குறைவில்லை. பூண்டிக்கு அருகில் அத்திரம்பாக்கத்தில் 1863 இல் இராபர்ட்டு புரூசு பூட்டு கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குக் கிடைத்த கைக்கோடரிகள் ஏறத்தாழப் பதினைந்து நூறாயிரம் ஆண்டுப் பழமையுடையவை என்று ஆய்வாளர் 2011 இல் வெளியிட்டனர். நம் மாவட்டத்து மண்ணுக்கு அது பெருமையே. ஆயின் ஒரு கூட்டத்தில் அக்கருவிகளைக் காட்டி, அவற்றைச் செய்தவன் தமிழ் பேசினான் என்று ஒருவர் முழங்கினார், கைதட்டலும் பெற்றார். அக்கல்லைச் செதுக்கியது இன்றைய மாந்த இனமே அன்று. அவன் பேசினானா என்பதற்கே சான்றில்லை. தமிழின் தொன்மைக்குக் கல்வெட்டும் நூலும் ஏட்டளவில் சான்றாய் இருக்க, அளவின்றிப் பேசி அவற்றையும் ஐயத்துக்கு ஆளாக்குவானேன்? விற்பவனைக் கேட்கும் வினாவை நம் பேச்சாளரையும் கேட்கத்தான் வேண்டும்.

பாடப்பொத்தகம் எழுதுவோர்க்கு ஒரு வேண்டுகோள். ஆங்கில இலக்கணப் பகுதியில் ஒப்புப்படிகளுக்குத் தமிழ் விளக்கம் தருங்கால் தனிச்சொற்களுக்குப் பொருள் எழுதாதீர்கள், சொற்றொடரைத் தாருங்கள். ‘பிக்கர்’ என்னும் தனிச்சொல்லுக்குத் தமிழில் பொருளில்லை. ‘அதனினும் பெரிய’ என்று உருபேற்ற பெயரோடு எழுதினால்தான் பொருள் நிறையும். தேர்வுக்காக மூன்று படிகளிலும் ஒரே கருத்தை மாற்றி மாற்றி எழுதும் பயிற்சி நம் பள்ளிகளில் நெடுங்காலமாக உண்டு. அதனைத் தமிழிலும் ஒருமுறை செய்துபார்க்கச் சொல்லுங்கள்: ‘இவற்றுள் செம்பரம்பாக்கமே பெரிது’, ‘மற்றவற்றினும் செம்பரம்பாக்கம் பெரிது’, ‘செம்பரம்பாக்கத்தின் அளவு பெரியது இவற்றுள் வேறில்லை’. மூன்றும் தமிழ், மூன்றிலும் ‘பெரிய’ என்பதற்குக் கொம்பும் முளைக்கவில்லை, வாலும் முளைக்கவில்லை. ஆங்கில ஆசிரியர்களும் தமிழாசிரியர்களும் ஒரு மணிநேரம் சேர்ந்திருந்து இதனை நடத்தினால் பிள்ளைகளின் ஆங்கிலமும் திருந்தும். எங்கள் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் அம்மையார் இதற்கு இசைந்தார். இவ்வாண்டு நடத்தியும் பார்த்தோம்.

வினாக் கேட்ட அந்தப் பிள்ளை, மறுநாள் நான் வகுப்புக்குள் நுழையுமுன்னரே கரும்பலகையில் இரண்டு வரி எழுதிவைத்திருந்தாள். மேல்வரி தெலுங்கில்; கீழ்வரி தமிழில். ‘அண்ணனைக்காட்டிலும் நான் விரைவாகப் படிக்கிறேன்’ என்பது தமிழ் வரி. தெலுங்கு வரிக்கும் அதுவே பொருளா என்று கேட்டேன். “அதே பொருள்தான், ஐயா. ஆனால் அண்ணன் ஒப்புக்கொள்ளமாட்டான்” என்றாள்.